தராசுத் தட்டுக்கு அடியில் என் காசு

உலோகத்தை உருக்கி ஊற்றத் தெரியும் என்பதை வெளியில் சொல்லிக்கொள்ளவே கூடாது. சொன்னால் யாராவது எதையாவது செய்து தரச் சொல்வார்கள். என் நாத்தனார் ஒருமுறை உடைந்த குக்கர் கைப்பிடியோடு வந்து நின்றாள். அதை எப்படியோ மறுத்துவிட்டேன். டாக்டரம்மா ஒரு காசு செய்து தரக் கேட்டபோது மட்டும் மறுக்கத் தோன்றவில்லை. அன்றைக்குச் சொன்ன ஒரு "சரி"க்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஈஜிபுராவில் ஒரு மூன்று மாடி வீட்டின் கீழே, பைக்குகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஒற்றை அறை. அதுதான் என் லேப். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்குவேன். அதை உலோகத்தில் வார்த்து, கேப்பாகவோ பிரிட்ஜாகவோ, கட்டுப்பல் உட்காரும் சட்டமாகவோ திருப்பி அனுப்புவேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. என் கையால் செய்த பல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எத்தனையோ பேர் மென்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

டாக்டரம்மாவின் கிளினிக் தொம்மலூரில். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ், நோயாளி யாராக இருந்தாலும் அவர்கள் பாஷை. எனக்கு வேலை அனுப்புகிறவர்களில் ஒழுங்காக அளவெடுத்து அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவர் எதைச் சொன்னாலும் என்னால் தட்ட முடிவதில்லை. அவரிடம் ஒரே குறை. எதற்கும் கோபப்பட மாட்டார். ஒரு காரியம் கெட்டுப்போனால் கூட இருப்பவர் கொஞ்சம் கோபப்பட்டால்தானே நமக்கு ஆறுதல்? அவர் சிரிப்பார்.

ஜியோகேஷிங் என்ற விளையாட்டை எனக்குப் பழக்கியது அவர்தான். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஓர் இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முதல் தடவை ஓர் ஏரிக்கரைச் சுவரின் விரிசலுக்குள் கையை விட்டு, ஒரு மாத்திரை டப்பாவை நான் வெளியே எடுத்தபோது, நாற்பத்தாறு வயதில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். ஸ்கூல் வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் கேட்டார்:

"அந்த டப்பால இன்னா இருந்துச்சி?"

"ஒண்ணுமில்ல. ஒரு சீட்டு. பேர் எழுதிட்டு வந்தேன்."

"இதுக்கா ரெண்டு பஸ் மாறிப் போனே?"



இந்த டப்பாக்களில் சில சமயம் காசுகள் இருக்கும். செலவழிக்கும் காசு இல்லை. ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். கிடைத்தவர் அதை எடுத்துக்கொண்டு போய் வேறோர் ஊரில் வேறொரு டப்பாவில் போட வேண்டும். எண்ணை இணையதளத்தில் பதிந்தால் காசு எங்கே கிளம்பியது, எங்கே போனது என்று வரைபடத்தில் கோடு விழும். காசின் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்தபடி அது ஊர் ஊராகப் போவதைப் பார்க்கலாம். டாக்டரம்மா வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒன்று கஸ்டம்ஸில் மாட்டி எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு என் நினைப்பு வந்தது.

"அக்கா, நம்பர் மட்டும் தனியா வாங்கிக்கலாமாம். காசை நாமளே பண்ணிக்கலாம். நீங்க டெய்லி காஸ்டிங் பண்றீங்க இல்ல? ஒரே ஒரு வட்டம். உங்களுக்கு அரை மணி நேர வேலை."

அரை மணி நேரம்! பல் டாக்டர்கள் எல்லாருக்கும் லேப் வேலை அரை மணி நேரம்தான்.

ஆனாலும் எனக்குள் ஒரு கர்வம் தலைதூக்கியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் செய்த எதிலும் என் அடையாளம் இருந்ததில்லை. பார்த்தால் செய்தது என்றே தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் நல்ல பல். முதல்முறையாகப் பார்ப்பதற்கென்றே ஒன்றைச் செய்யப்போகிறேன். ஒரு பக்கத்தில் எண். மறுபக்கத்தில் என்ன என்று டாக்டரம்மா கேட்டார். விதான சௌதா போடலாம் என்றார். நான் யோசிக்கவே இல்லை. கடைவாய்ப்பல் என்றேன். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. நான்கு முகடும், நடுவில் பள்ளமும், பள்ளத்திலிருந்து பிரியும் கோடுகளும். கண்ணை மூடிக்கொண்டே என்னால் செதுக்க முடியும்.

செதுக்கவும் செய்தேன். மெழுகில் பிரமாதமாக வந்தது. வினை வார்ப்பில் இருந்தது. பல் என்பது சின்னப் பொருள். காசு அகலமானது, தட்டையானது. உருகிய உலோகம் ஓரம் வரைக்கும் ஓடுவதற்குள் ஆறிவிடுகிறது. முதலில் வந்தது பிறை நிலா. பாதிக் காசைக் காணோம். அடுத்தது முழுசாக வந்தது, ஆனால் எண்ணின் பள்ளத்தில் உலோகம் நிறைந்து B என்பது 8 ஆகிவிட்டது. ஓர் எழுத்து மாறினால் அது வேறு யாருடைய காசாகவோ ஆகிவிடும். மூன்றாவதில் எண் நன்றாக இருந்தது. பல்லின் நடுவே மட்டும் காற்றுக்குமிழ் மாட்டி ஒரு குழி. போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன்.

"ஐயோ அக்கா, சூப்பர்! ரியலா சொத்தை மாதிரியே இருக்கு! இதையே வச்சுக்கலாமே!"

போனை வைத்துவிட்டேன். சொத்தைப் பல்லை என் பெயரில் ஊர் சுற்ற அனுப்புவதா?

நான்காவது சரியாக வந்தது. கோபால்ட் குரோம் என்று ஓர் உலோகம். கட்டுப்பல் சட்டத்துக்குப் போடுவது. வாயில் எத்தனை வருஷம் கிடந்தாலும் கறுக்காது, தேயாது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்குள் என் கட்டைவிரல் மரத்துப்போனது. மேலே சின்ன ஓட்டையும் போட்டேன், வளையம் மாட்ட. கண்ணாடி மாதிரி மின்னியது. என் வீட்டுக்காரர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்குது. எந்தக் கடையில வாங்குவான் இதை?"

"வாங்கறதுக்கு இல்லைங்க."

"அப்புறம்?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டார்.

ஆனேக்கல் பக்கம் ஓர் ஏரிக்கரையில் டாக்டரம்மாவே புதிதாக ஒரு டப்பா வைத்தார். ஓசூர், கிருஷ்ணகிரி என்று போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள், காசு சீக்கிரம் தமிழ்நாட்டுக்குள் போய்விடும் என்பது அவர் கணக்கு. பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நோட்டு, பென்சில், இரண்டு பொம்மைக் கார், நடுவில் என் காசு. மூடியின் மேல், இது ஒரு விளையாட்டு, தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம்.

"டாக்டரம்மா, கன்னடத்துலயும் தமிழ்லயும் எழுதி ஒட்டலாமே. இங்க புல்லு அறுக்கறவங்கதான் வருவாங்க."

"அடுத்த வாரம் வந்து ஒட்டிடலாம் அக்கா. சில்!"

ஏரிக்கரையின் கற்களுக்கு நடுவே பொந்து மாதிரி ஓரிடம். டப்பாவை உள்ளே தள்ளி ஒரு கல்லை வைத்து மூடினோம். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எனக்கும் வேலை, அவருக்கும் வேலை. தினமும் காலையில் மிஷினைப் போடுவதற்கு முன்னால் போனைத் திறந்து பார்ப்பேன். காசு ஆனேக்கல்லிலேயே இருந்தது. ஒரு மாதம் போனது. மழைக்காலம் முடிந்தது. ஒரு நாள் யாரோ ஓர் ஆள் இணையதளத்தில் எழுதியிருந்தார்: நன்றாகத் தேடினேன், கல் சரிந்து கிடக்கிறது, டப்பாவைக் காணோம்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"போனா போகுது அக்கா. கேம்னா அப்படித்தான். இன்னொண்ணு பண்ணிடலாம்!"

பண்ணுகிறவள் யார்? அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் தனியாகக் கிளம்பினேன். வேனில் கூட்டிப்போகச் சொன்னால், டீசலுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்கும் சேர்த்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பஸ்ஸே மேல்.

அந்த ஆள் எழுதியது உண்மைதான். கல் சரிந்து கிடந்தது. பொந்துக்குள் சேறு. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகி, கரையோரம் முழுக்கக் குத்திப் பார்த்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஏனு ஹுடுக்தா இத்தீரா?" என்று கேட்டார். என்ன தேடுகிறேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? கன்னடத்தில் "ஒரு டப்பா" என்றேன். டப்பாவில் என்ன என்றார். காசு என்று சொல்லிவிட்டேன். அவரும் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மும்முரமாகத் தேட ஆரம்பித்துவிட்டார். அது செல்லாத காசு என்று அவருக்குப் புரியவைத்துக் குச்சியைக் கீழே போடவைக்கப் பதினைந்து நிமிஷம் ஆனது.

வெயிலும் வெறுப்புமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி நடந்தேன். ஏரிச் சாலை கடைத்தெருவைத் தொடும் இடத்தில், சாக்கை விரித்து ஓர் அம்மா காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். சாக்கின் ஓரத்தில் கறிவேப்பிலை நிறைத்த பிளாஸ்டிக் டப்பா. அதன் பச்சை மூடி பக்கத்திலேயே கிடந்தது. மூடியில் பாதி கிழிந்த காகிதம். இங்கிலீஷ்.

நின்றுவிட்டேன்.

"இன்னா வேணும் கண்ணு? கத்திரிக்கா பாரு, காலையில பறிச்சது."

"இந்த டப்பா எங்கம்மா கிடைச்சுது?"

"ஏரிக்கரையில. புல்லு அறுக்கப் போனேன். மழையில கல்லு வுழுந்து கெடந்துச்சி. யாரோ தூக்கிப் போட்டது. ஏன், உன்னுதா?"

"என்னுதுதான். அதுல ஒரு நோட்டு இருந்துச்சே?"

"ஈரமா இருந்துச்சி. காய வச்சி அடுப்பு பத்த வச்சேன்."

"காரு பொம்மை?"

"பக்கத்து வூட்டுப் பசங்க எடுத்துக்கினாங்க."

"வட்டமா ஒரு காசு?"

 அந்த அம்மாவின் கண் தராசின் பக்கம் போய் வந்தது. நானும் பார்த்தேன். கையில் தூக்கிப் பிடிக்கும் பழைய தராசு. ஒரு தட்டு பித்தளை, மற்றது புதிதாக மாற்றிய அலுமினியத் தட்டு. அந்த லேசான தட்டுக்கு அடியில், சணல் கயிற்றில், நான் போட்ட அதே ஓட்டை வழியாகக் கட்டப்பட்டு என் காசு தொங்கிக்கொண்டிருந்தது. எண் என் பக்கமாக. கொஞ்சமும் மங்காமல் மின்னியது.

உலகம் சுற்றப் புறப்பட்ட காசு. ஏரிக்கரையிலிருந்து நானூறு அடி வந்து நின்றிருக்கிறது.

"அம்மா, அதைக் கழட்டிக் குடுங்க."

"அது எப்படிக் குடுக்கறது? தட்டு மாத்துனதுலேர்ந்து தராசு ஒரு பக்கமா சாயுது. கல்லு கட்டினேன், அவுந்து அவுந்து வுழுந்துச்சி. வர்றவங்க எல்லாம் நான் எடையில ஏமாத்தறேன்னு சண்ட. இந்த வில்லையைக் கட்டினதுக்கு அப்புறம்தான் வாயை மூடுனாங்க."

"அது நானே கையால செஞ்சதும்மா."

"நீ செஞ்சா இன்னொண்ணு செஞ்சிக்கோ."

டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சரியான எடைகூட இல்லம்மா இது. அந்தப் பக்கம் ஒரு நட்டு வேற கட்டியிருக்கீங்களே?"

பித்தளைத் தட்டுக்கு அடியில் துருப்பிடித்த ஒரு நட்டு தொங்கியதை அப்போதுதான் கவனித்தேன்.

"வில்லை கொஞ்சம் கனம் ஜாஸ்தி. கொறைக்கலாம்னு கல்லுல தேச்சேன். இது இன்னா இரும்போ தெரியல, கல்லுதான் தேயுது! அதான் இந்தப் பக்கம் நட்டு கட்டினேன். இப்ப ரைட்டா நிக்குது பாரு."

தராசைத் தூக்கிக் காட்டினார். முள் ஆடாமல் நடுவில் நின்றது. ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லில் தேய்த்தும் ஒரு கீறல் இல்லை.

பேசிப் பார்த்தேன். அதற்குள் காய் வாங்க வந்த இரண்டு பேர் அந்த அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "இதே எடையில வேற ஒண்ணு கொண்டா. கட்டிக்கினு இதைக் குடுத்துடறேன்."

"நட்டு இல்லாம சரியா வர்ற மாதிரியே செஞ்சு தர்றேன்."

"அதெல்லாம் வேணாம். நட்டோட பழகிப்போச்சி. இதே எடை."

"மெட்டல் வேலை பண்றீங்களா?" என்று காய் வாங்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். பல் கட்டுகிறேன் என்று நான் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து காட்டுவார்.

காசின் எடை என்ன என்று எனக்கே தெரியாது. ஒரு பொருளைச் செய்து முடித்தபின் அதை எடை போட்டு எழுதி வைக்கும் புத்தி இருந்திருந்தால் எனக்கு ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். இல்லை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உலோகம் அளக்கும் உள்ளங்கை அகல டிஜிட்டல் தராசைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஆனேக்கல்.

அந்த அம்மா காசை என் கையில் தரவில்லை. தானே அவிழ்த்து, தானே என் தராசின் மேல் வைத்தார். இருபத்தெட்டு கிராமும் சொச்சமும் காட்டியது. எழுதிக்கொண்டேன்.

"இது ரைட்டா காட்டுதுன்னு இன்னா நிச்சயம்?" என்றார்.

"மருந்து அளக்கற மாதிரி கரெக்டா காட்டும்மா."

நம்பவில்லை. தன் ஐம்பது கிராம் படிக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். நாற்பத்தொன்பது என்று காட்டியது. கல் தேய்ந்திருக்கிறது, வேறென்ன?

"பாத்தியா! உன் மிஷின் ராங்கு."

"மிஷின் ராங்கு இல்லம்மா, உங்க கல்லு தேஞ்சிருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. ஏற்கெனவே எடைச் சண்டைகளில் நொந்துபோயிருந்தவர். சுற்றிலும் ஆள் நிற்கும்போது கல் தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு காசை மறுபடி கட்ட ஆரம்பித்தார். சமாதானத்துக்காக ஒரு கிலோ பீன்ஸ், அரைக் கிலோ நூல்கோல், வீட்டில் யாரும் தொடாத பாகற்காய் எல்லாம் வாங்கினேன். அதையும் அதே தராசில்தான் போட்டுக் கொடுத்தார். என் காசு என் கண் முன்னால் பாகற்காய்க்கு அடியில் ஆடியது.

வெறும் வட்டத்தை வார்ப்பது பெரிய வேலையில்லை. எடைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. கொஞ்சம் கனமாக வார்த்துத் தேய்த்துத் தேய்த்துக் குறைக்க வேண்டும். கல்லே தேயும் அந்த உலோகத்தைத்தான் நானும் தேய்த்தாக வேண்டும். இரண்டு சாணைச் சக்கரம் தேய்ந்துபோனது. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. அதற்கு நடுவே ஒரு கிளினிக்கிலிருந்து பிரிட்ஜ் ஏன் இன்னும் வரவில்லை என்று மூன்று முறை போன். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். காய்கறித் தராசுக்கு எடை செய்துகொண்டிருக்கிறேன் என்றா சொல்வது? கடைசியில் எடை எண்ணுக்கு எண் சரியாக வந்தது. எந்த நோயாளியின் பல்லுக்கும் நான் அப்படி மெனக்கெட்டதில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவும் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

புது வில்லையை அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"மொட்டையா இருக்குதே. அதுல இருக்கற பூ இதுல எங்க?"

"எந்தப் பூ?"

"பழைய வில்லையில இருக்குதே. அழகா, நாலு எதழோட."

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. மூன்று தடவை வார்த்துக் கெடுத்து, நான்காவதில் முகடு முகடாகச் செதுக்கி எடுத்தது. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அது பூ இல்லம்மா. பல்லு."

"இன்னாது?"

"பல்லு. கடவாப்பல்லு. நான் பல்லு செய்யறவ. டாக்டருங்களுக்குக் கட்டுப்பல்லு செஞ்சு குடுக்கறேன். அந்த மெட்டல்லதான் இதையும் செஞ்சேன்."

அந்த அம்மாவின் முகம் போன போக்கை என்னால் எழுதிக் காட்ட முடியாது. தராசை அப்படியே சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார்.

"த்தூ! பல்லா! வாயில வைக்கறதையா இத்தன நாளு காய் போடற தட்டுல கட்டி வச்சிருந்தேன்? வெள்ளிக்கெழம தவறாம அதுக்கு மஞ்சளும் குங்குமமும் வச்சேனேடி!"

"யாரு வாயிலயும் வச்சது இல்லம்மா. புதுசு."

"பேசாத. மொதல்ல எடுத்துக்கினு போ."

முடிச்சை அவிழ்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. கீரைக்கட்டு அறுக்கும் கத்தியால் சணலை அறுத்துக் காசை என் பக்கம் தள்ளினார். விரலால்கூடத் தொடவில்லை. கத்தி முனையால் தள்ளினார். பிறகு சட்டென்று நினைவு வந்தவராக, நான் கொண்டுபோன மொட்டை வில்லையைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இதுவும் பல்லுதானா?"

"இல்லம்மா. சும்மா வட்டம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதைக் குடத்துத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, துடைத்துக் கட்டிக்கொண்டார். தராசைத் தூக்கிப் பார்த்தார். முள் நடுவில் நின்றது.  நான் இரண்டு சக்கரத்தையும் ஒரு மத்தியானத்தையும் கொடுத்த எடை. சரியாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு ஆறவில்லை. முதல் நாளே பல் என்று சொல்லியிருந்தால் முதல் நாளே கையில் வந்திருக்கும். டிஜிட்டல் தராசு வேண்டாம், பாகற்காய் வேண்டாம், புது வில்லை வேண்டாம். வாயைத் திறந்து காட்டுவார்களே என்று தொழிலை மறைக்கப்போய் இத்தனை அலைச்சல். கோபத்தை யார் மேல் போடுவது என்றும் தெரியவில்லை. அந்த அம்மா மேல் போட முடியாது. கிடந்ததை எடுத்தார், உபயோகமாக வைத்துக்கொண்டார். உண்மையில் அந்தக் காசு அங்கே இருந்த மாதிரி உபயோகமாக வேறெங்கும் இருக்கப்போவதில்லை. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் நான்கு வரி கன்னடமும் தமிழும் எழுதி ஒட்டியிருந்தால் போதும். ஆக அவர் மேல்தான் போட வேண்டும்.

திங்கள்கிழமை காசைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். ஓட்டையைச் சுற்றி இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். மஞ்சள் குங்குமம் என்ற இடத்துக்கு வருவதற்குள் அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளி, வாயில் பஞ்சோடு, என்ன என்ன என்று கையாலேயே கேட்டார். அவருக்கும் டாக்டரம்மா கன்னடத்தில் முழுக் கதையும் சொன்னார். பஞ்சு வெளியே வந்து விழும் அளவுக்கு அவரும் சிரித்தார்.

"அக்கா, இதை அப்படியே காசோட பேஜ்ல எழுதிடறேன். ஃபோர் ஹன்ட்ரட் ஃபீட், டூ மன்த்ஸ்!"

"எழுதுங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க."

நான் சொன்னதன் அர்த்தம் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

இந்த முறை டப்பா வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். விளையாடுகிற ஆள் ஒருவர் கையிலேயே கொடுப்பது என்று முடிவானது. ஓர் ஐடி கம்பெனிக்காரர் கிளினிக்குக்கே வந்து வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மடிக்கேரி போகிறேன், அங்கே ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறேன் என்றார். அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் மடிக்கேரி போனது உண்மை. போட்டோவெல்லாம் போட்டிருந்தார். மேகம், காபித் தோட்டம், பன்றிக்கறி. காசை எடுத்துப்போகத்தான் மறந்துவிட்டார். அது அவருடைய காரில், கைப்பிரேக்குக்குப் பக்கத்தில் சில்லறை போடும் குழியில் இருக்கிறதாம். கேட்டு எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் பதிலாக வரும். இரண்டாவது தடவை கேட்டதற்கும் அதே கட்டைவிரல்.

காசு உருப்படியாக எங்கும் போகவில்லையே தவிர, அதன் புகழ் பரவிவிட்டது. டாக்டரம்மா எழுதியதைப் படித்துவிட்டு மைசூரு, சென்னை என்று விளையாடுகிறவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். எங்களுக்கும் பல் காசு வேண்டும். மொத்தம் ஆறு பேர். "நீங்க முடியாதுன்னா நான் சொல்லிடறேன் அக்கா" என்றார் டாக்டரம்மா. முடியாது என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அன்று மத்தியானம் மெழுகு மீதி கொஞ்சம் இருந்தது. அடுப்பும் சூடாகத்தான் இருந்தது. நானே போன் செய்து, ஓரத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினால் உலோகம் நன்றாக ஓடும் என்று தோன்றுகிறது, நம்பர்களை அனுப்புங்கள் என்றேன். எனக்கு என் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முந்தாநாள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனைக் கழுவிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க இருக்குது இப்ப?"

"அந்த ஆளு கார்லதான்."

"வண்டி எங்க நிப்பாட்டுவான்?"

"மாரத்தஹள்ளியாம். ஏன்?"

"இல்ல, காலையில அந்தப் பக்கம் ரெண்டு பசங்களை எறக்கணும். நான் போயி வாங்கியாரட்டா?"

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. முகம் நிஜமாகவே கோபமாக இருந்தது.

"மூணு மாசமா ஒரு சாமானை வாங்கி வச்சிக்கினு குடுக்காம இருக்கறான், நீ பேசாம இருக்கறே. அட்ரஸ் கேளு."

கேட்டு எழுதினேன். கட்டைவிரல் வந்தது.